கெட்டவன் கறி ஒரு கிலோ

ஜன்னலோரம் நீங்களே இருங்க அண்ணாச்சி, எனக்குக் காத்து ஒத்துக்கிடாது. மதுரைக்கா? நல்லதாப் போச்சு. நான் அதிகம் பேசுற ஆளு இல்லை, உங்களுக்குத் தொந்தரவு இருக்காது. தூக்கம் வந்தா தூங்குங்க.

என்ன தொழிலா? கறிக்கடை. சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால போயி கொம்பையா கடைன்னு கேட்டா ஆருனாலும் காட்டுவாங்க. கொம்பையாங்கிறது எங்க அப்பா வச்ச பேரு. கொம்பு உள்ளதை வச்சுத்தான் இவன் பிழைக்கணும்னு அன்னைக்கே அவருக்குத் தோணியிருக்கு போல. நீங்க கறி சாப்பிடுவீங்களா? சரி, அப்ப உங்ககிட்ட சொல்லலாம். சைவம்னாலும் சொல்லியிருப்பேன், அது வேற.

போன வருசம் ஆடித்தபசு முடிஞ்ச ஞாயித்துக்கிழமை. கடையில நல்ல கூட்டம். வரிசையில ஞானசெல்வம் டீச்சர் நின்னாங்க. காலேஜ்ல விலங்கியல் எடுக்காங்க, நாகர்கோவில் பக்கத்துக்காரங்க, எங்க ஊருக்கு மாத்தலாகி வந்து ரெண்டு மாசம்தான் ஆயிருந்துச்சு. காலேஜ்ல பாடம் எடுத்தா பேராசிரியர்னு சொல்லணுமாம். எங்க ஊர்ல பாடம் எடுக்கிற பொம்பளை எல்லாரும் டீச்சர்தான். அவுங்க முறை வந்ததும், தொங்குற தொடையைக் கொஞ்ச நேரம் பாத்துட்டு, "இந்த ஆடு எங்க மேஞ்சுது அண்ணாச்சி?"ன்னு கேட்டாங்க.

முப்பத்தோரு வருசமாக் கடை வச்சிருக்கேன். எலும்பு கூடிப்போச்சுன்னு கேட்டிருக்காங்க. ஈரல் ஏன் இத்தனை சின்னதா இருக்குன்னு ஒருத்தரு அரை மணி நேரம் என்னோட மல்லுக்கு நின்னிருக்காரு, ஏதோ ஈரலை நான் செஞ்ச மாதிரி. எங்க மேஞ்சுதுன்னு மட்டும் ஒருத்தரும் கேட்டதில்லை. நல்ல இடத்துலதான் மேஞ்சுதுன்னேன். நல்ல இடம்னா எதுன்னாங்க.

டீச்சர் சங்கதி என்னன்னா, வாரத்துக்கு ஒரு நாள்தான் கறி. அந்த ஒரு நாளும் காலாற நடந்து புல்லு மேஞ்ச ஆடா இருக்கணும். இருட்டுக் கொட்டகையில கட்டிப் போட்டு, ஓட்டல்ல மிச்சமானதைக் கொட்டி, ஊசி போட்டுக் கொழுக்க வச்ச ஆடு வேண்டாம். அது ஆட்டுக்கும் பாவம், மண்ணுக்கும் பாவம், திங்குதவனுக்கும் கேடு. கொஞ்சமாத் திங்கணும், தெரிஞ்சு திங்கணும். இவ்வளவையும் வரிசையில நின்னுக்கிட்டே பாடமா எடுத்துட்டாங்க. பின்னால நின்னவங்களும் வேற வழி இல்லாமக் கேட்டாங்க.

எனக்குப் பொய் பேச வராது அண்ணாச்சி. அதனால ஒரே ஒரு பொய்தான் சொன்னேன். இது மேற்கே மலை அடிவாரத்துல மேஞ்ச ஆடு, தின்னது முழுக்க மூலிகை, தும்பை, தூதுவளை, ஆடாதொடைன்னு அடுக்கிட்டேன். டீச்சர் சிரிக்கலை. ஆடாதொடைன்னாலே ஆடு தொடாத இலைன்னு அர்த்தம், பேர்லயே இருக்கேன்னாங்க. வரிசை முழுக்கச் சிரிச்சுச்சு. நான், இது கொஞ்சம் வித்தியாசமான ஆடுன்னேன்.

அவுங்க சரின்னுட்டு, அரைக் கிலோ கறியோட அந்த ஆட்டோட இரைப்பையையும் கழுவாமக் குடுங்கன்னு கேட்டாங்க. போட்டி வறுவலுக்குன்னு நினைச்சுக் குடுத்துட்டேன். மறுநாள் காலையில ஒரு கண்ணாடிப் பாட்டிலோட வந்து நிக்காங்க. உள்ள புளியோதரைச் சோறு, ஒரு ரப்பர் பேண்டு, அப்புறம் பளபளன்னு பிளாஸ்டிக் பூசுன கல்யாணப் பத்திரிகை ஒரு துண்டு. 'சுற்றமும் நட்பும் சூழ'ன்னு தங்க எழுத்து அப்படியே இருக்கு. மாப்பிள்ளை பேரு பாதி செரிச்சுப் போச்சு. பொண்ணு பேரு தெளிவா இருந்துச்சு.

"மூலிகைன்னு சொல்லாம இருந்தாலும் நான் வாங்கியிருப்பேன் அண்ணாச்சி"ன்னாங்க. அதோட போயிட்டாங்க. திட்டியிருந்தாக்கூட ஆறிப்போயிருக்கும்.

அன்னைக்குச் சாப்பாடு இறங்கலை. எங்க வீட்டுக்காரி ஆவுடைகிட்ட சொன்னேன். முப்பத்தோரு வருசமா எத்தனை ஆடு, ஒண்ணாவது எங்கிருந்து வந்துச்சுன்னு எனக்குத் தெரியுமான்னு கேட்டேன். அவ முருங்கைக்கீரை உருவிக்கிட்டிருந்தா. இந்தக் கீரை பக்கத்து வீட்டு மரத்துல உள்ளது, அது எனக்குத் தெரியும், உங்க ஆடு சங்கதியை நீங்கதான் தெரிஞ்சு வச்சிருக்கணும்னா. அவ எப்பவும் இப்படித்தான், ஒரு ஆறுதல் கிடையாது.

அப்பத்தான் நான் ஆடு மேய்க்கிற பூவலிங்கத்தைத் தேடிப் போனேன். சுரண்டை போற வழியில, அறுப்பு முடிஞ்ச வயக்காட்டுல கிடை போட்டிருந்தாரு. கிடைன்னா தெரியும்லா? மந்தையைக் கொண்டு வந்து ஒருத்தர் வயல்ல அடைக்கிறது. பகல் முழுக்க அறுத்த தாளு, வரப்புப் புல்லு, உதிர்ந்த உடைமரத்து நெத்து எல்லாத்தையும் மேயும். சாயங்காலம் வயலுக்குள்ள வந்து படுக்கும். புழுக்கையும் கோமியமும் வயலுக்கு உரம். வயக்காரர் அதுக்கு நெல்லு குடுப்பாரு. ரெண்டு நாள் கழிச்சு அடுத்த வயல். நூத்துக்கணக்குல செம்மறி, ஊடால வெள்ளாடு. தீவனம்னு ஒரு பிடி கடையில வாங்குறது கிடையாது. நான் நாலு நாள் பகல் பூரா அவரு பின்னாலயே நடந்தேன். என் கறிக்கடை வயித்துக்கு அது நல்ல வைத்தியம்.

பூவலிங்கம் பேசாத மனுசன். நாலு நாள்ல நாப்பது வார்த்தை பேசியிருப்பாரு. மீதியை நான் பேசிக்கிட்டேன். உங்களுக்கு இதுகளை விக்க மனசு வருதான்னு கேட்டேன். அவரு ஆடுகளைப் பாத்துக்கிட்டே நடந்தாரு. கேட்டதையே மறந்துட்டாருன்னு நான் வேற பேச்சுக்குப் போயிட்டேன். அப்புறமாச் சொன்னாரு:

"பொட்டையை வளப்பேன். கிடாயை விப்பேன். விக்கலைன்னா மேய்க்க முடியாது கறிக்கடைக்காரரே. நான் மேய்க்கலைன்னா இதுக எங்க இருக்கும்?"

வாரத்துக்கு மூணு கிடாய் தாரேன்னாரு. அதுக்கு மேல கேட்டா தர மாட்டாராம். தீவாளிக்கு முப்பது வேணும்னேன். தீவாளி எனக்குத்தான் வருது, ஆட்டுக்கு வரலைன்னாரு.

அதுலருந்து கடையில ஒரு சிலேட்டுப் பலகை மாட்டுனேன். ஆடு எங்க மேஞ்சுது, என்ன வயசு, என்ன தின்னுச்சு, எல்லாம் எழுதிப்புடுவேன். டீச்சர் வந்து படிச்சுப் பாத்து, ரெண்டு எழுத்துப் பிழையைத் திருத்திட்டு, முக்காக் கிலோ வாங்கிட்டுப் போனாங்க. சனங்க அதிசயமா வந்து பாத்துச்சு. பக்கத்துக் கடைகள்ல ஈ விரட்டுறாங்க, என் கடையில வரிசை தெரு முக்கு வரைக்கும் நிக்குது. எல்லாரும் வந்ததும் கேக்கிறது, "இன்னைக்கு ஆரு?"

இங்கதான் அண்ணாச்சி, நான் ஒரு சின்னத் தப்பு பண்ணிட்டேன். தப்புன்னு சொல்ல முடியாது, ஆர்வம். எங்க மேஞ்சுதுன்னு மட்டும் எழுதினா மொட்டையா இருக்கேன்னு குணத்தையும் எழுத ஆரம்பிச்சேன். 'சாது. தண்ணி குடிக்கையில மத்த ஆடு குடிச்சு முடிக்கிற வரைக்கும் ஒதுங்கி நிற்பான்.' இப்படி. எழுதினது பத்தாதுன்னு வெட்டிக்கிட்டே வாயாலயும் சொன்னேன். கம்மாயில ஒரு குட்டி வழுக்கி விழுந்தப்ப இவன்தான் முதல்ல கத்துனவன்னு நான் சொல்லிக்கிட்டிருக்கேன், போஸ்ட்மாஸ்டர் வீட்டு அம்மா பையைத் திறந்து வச்சுக்கிட்டு நிக்காங்க, கண்ணுல தண்ணி கொட்டுது. கறி வேண்டாம்னுட்டு எதுத்தாப்புல போயி முள்ளங்கி வாங்கிட்டுப் போயிட்டாங்க. அடுத்த வாரம் பத்துப் பேரு முள்ளங்கி வாங்குனாங்க. காய்கறிக் கடைக்காரன் எனக்கு டீ வாங்கிக் குடுத்தான்.

நான் என்ன பண்ணுவேன்? உள்ளதைச் சொல்லுதேன்.

அப்பத்தான் மின்சார ஆபீஸ்ல லைன்மேனா இருக்கிற ஒருத்தரு வந்தாரு. பலகையைப் படிச்சாரு. தலையைச் சொறிஞ்சாரு. என் காதுகிட்ட குனிஞ்சு, "கொம்பையா, இவன் ரொம்ப நல்லவனா இருக்கானே, தொண்டையில இறங்காது. கெட்டவன் எவனாவது இருந்தா ஒரு கிலோ போடு"ன்னாரு.

அதுவரைக்கும் எனக்கு அப்படித் தோணவே இல்லை பாத்துக்கிடுங்க. மறுவாரம் பலகையில எழுதினேன்: 'போக்கிரி. சின்ன ஆடுகளை முட்டுவான். அம்மன் கோயில் மாலையைத் தின்னவன்.' ஒரு மணி நேரத்துல கறி காலி. எலும்பு கூட மிஞ்சலை. அதுக்கு அடுத்த வாரம், 'பள்ளிக்கூடப் பிள்ளையின் பரீட்சைத் தாளைத் தின்றவன். பெரியவர்கள் வந்தால் எழுந்து நிற்க மாட்டான்.' வந்தவங்க எல்லாரும் கோவத்தோட வாங்கிட்டுப் போறாங்க. நல்லாக் கொத்தி வெட்டுன்னு சொல்லுதாங்க. போஸ்ட்மாஸ்டர் வீட்டு அம்மாவே திரும்ப வந்துட்டாங்க, மாலையைத் தின்னவன் கறி இருக்கான்னு கேட்டுக்கிட்டு.

பொய்யான்னு கேக்காதீங்க. ஆடு பெரியவங்க வந்தா எந்திரிக்காதுங்கிறது உண்மைதானே.

இது எங்க போயி நின்னுச்சுன்னா, ஒருத்தரு வந்து, அடுத்த கெட்டவனுக்கு என் மச்சான் பேரை வைங்கன்னு கேட்டாரு. சொத்துப் பாகத் தகராறு அவுகளுக்குள்ள. நமக்கு வாடிக்கை முக்கியம். பலகையில எழுதிட்டேன்: 'தங்கப்பழம். வயது ஒன்றரை. சோம்பேறி. பிறர் வயலில் மேய ஆசைப்படுபவன்.' பத்து மணிக்கு அந்தத் தங்கப்பழமே கறி வாங்க வந்துட்டாரு. பலகை முன்னால நின்னு படிச்சாரு. ஒரு தடவை படிச்சாரு, கண்ணாடியைத் துடைச்சு மாட்டிட்டு இன்னொரு தடவை படிச்சாரு. அப்புறம் மெல்ல, வயசு மட்டும்தான் தப்பா இருக்குன்னு சொல்லிட்டு, பலகையைக் கழத்தித் தோள்ல வச்சுக்கிட்டு நேரா மச்சான் வீட்டுக்குப் போயிட்டாரு. அந்தப் பலகை இன்னும் திரும்பி வரலை.

ஸ்ரீவில்லிபுத்தூர் வந்துட்டு. பால்கோவா வாங்குதீங்களா? வேண்டாமா, சரி. எனக்கும் வேண்டாம்.

அன்னைக்குச் சாயங்காலம் கடை கழுவிக்கிட்டிருக்கேன், டீச்சர் வந்தாங்க. கறிக்கு இல்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு உக்காந்தாங்க. முகம் சரியில்லை. நான் தங்கப்பழம் கதையைச் சொன்னேன், சிரிக்கலை.

"நீங்க ஆட்டைக் கோர்ட்டுல ஏத்தாதீங்க அண்ணாச்சி"ன்னாங்க. "அது தப்புப் பண்ணதால நாம அதைத் திங்கலை. அது ஒரு தப்பும் பண்ணலை. நமக்கு வேணும்னு திங்குதோம். அதை ஒத்துக்கிட்டுத் திங்க முடிஞ்சா திங்கணும். முடியலைன்னா முள்ளங்கி வாங்கணும். ரெண்டும் மரியாதைதான். இது மரியாதை இல்லை."

நான் கொஞ்ச நேரம் தரையைக் கழுவிக்கிட்டே இருந்தேன். கழுவுன இடத்தையே கழுவிக்கிட்டிருந்தேன். இனிமே உள்ளதை மட்டும்தான் சொல்லுவேன், கூட்டவும் மாட்டேன் குறைக்கவும் மாட்டேன்னு டீச்சருக்கு வாக்குக் குடுத்தேன். அந்த வாக்குதான் என்னை வம்புல கொண்டு போயி விட்டுச்சு.

தை மாசம் எங்க மக கோமதிக்குக் கல்யாணம். ஒரே மக. மாப்பிள்ளை வீடு மதுரை, சம்பந்தி திரவியம் இரும்புக் கடை வச்சிருக்காரு. தங்கமான மனுசன், வாட்டசாட்டமான ஆளு, கறின்னா உசுரு. கல்யாணம் முடிஞ்சு மறுவீட்டு விருந்து எங்க வீட்டுல. கறிக்கடைக்காரன் வீட்டு விருந்து எப்படி இருக்குன்னு பாக்கத்தான் மதுரையிலருந்து ரெண்டு வேன்ல வாராங்க. சாதாரண கறி போட முடியுமா? ரெண்டு மாசத்துக்கு முன்னாலயே பூவலிங்கத்துக்கிட்ட போயி மூணு கிடாயைப் பாத்து வச்சேன்.

பாத்து வச்சா அப்பப்பப் போயிப் பாக்கணும்லா? கடை முடிஞ்சதும் டிவிஎஸ்ஸை எடுத்துக்கிட்டுப் போயிடுவேன். சும்மா ஒரு மேற்பார்வை. அதுல ஒண்ணு வெள்ளைக்காதன். பேரு வைக்கலை அண்ணாச்சி, காது வெள்ளையா இருந்துச்சு, அவ்வளவுதான். பேரு வேற, அடையாளம் வேற. வண்டிச் சத்தம் கேட்டா அது மந்தையை விட்டுட்டு வந்துடும். வந்து என் துண்டு நுனியைச் சப்பும். நான் கூட ஒரு பழந்துண்டை அதுக்குன்னே எடுத்துக்கிட்டுப் போவேன், நல்ல துண்டு கெட்டுப் போகும்லா. திரும்பி வாரப்ப வாய்க்கா வரைக்கும் கூடவே வரும். பூவலிங்கம் பாத்துட்டு, வேற கிடாய் பிடிச்சுக்கிடுங்களேன்னாரு. ஏன்னேன். என் தோள்ல கிடந்த பழந்துண்டைப் பாத்தாரு. எனக்கு அதெல்லாம் கிடையாது, எத்தனை ஆயிரம் பாத்தவன்னேன்.

விருந்து அன்னைக்கு நானேதான் எல்லாம் பண்ணுனேன். ஒண்ணு பாக்க இன்னொண்ணுமேல கத்தி வைக்க மாட்டேன், அது எங்க அப்பா காலத்துப் பழக்கம். வெள்ளைக்காதனைக் கடைசியாக் கூட்டிட்டுப் போனேன். அதுவாத்தான் நடந்து வந்துச்சு. சரி, அதை விடுங்க.

பந்தியில எம்பது பேரு. ஆவுடை வச்ச குழம்பு தெருவையே தூக்குது. டீச்சரும் வந்திருந்தாங்க, பூவலிங்கமும் புது வேட்டி கட்டிக்கிட்டு ஓரமா உக்காந்திருந்தாரு. நானும் சம்பந்திக்கு எதுத்த இலையில உக்காந்தேன். எல்லாரும் ரெண்டு வாய் சாப்பிட்டிருப்பாங்க. திரவியம் எலும்பைக் கடிச்சுக்கிட்டே, இப்படி ஒரு கறியை நான் மதுரையில தின்னதில்லை, எந்த ஊரு ஆடு சம்பந்தின்னு கேட்டாரு.

அவரு மரியாதைக்குக் கேட்டாருன்னு கோமதி சொல்லுதா. கேட்டாரு, அவ்வளவுதான் எனக்குத் தெரியும். உள்ளதை மட்டும் சொல்லுவேன்னு வாக்குக் குடுத்திருக்கேன். எந்திரிச்சு நின்னேன்.

சுருக்கமாத்தான் பேசினேன், அரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட இருக்கும். கிடைன்னா என்ன, மண்ணுக்கு அதால என்ன லாபம், வாரத்துக்கு மூணு ஏன், எல்லாம் சொன்னேன். எல்லாரும் தலையாட்டிக் கேட்டாங்க, நல்லாத்தான் போச்சு. அப்புறம் வெள்ளைக்காதனுக்கு வந்தேன். துண்டு நுனியைச் சப்புறதைச் சொன்னேன். வண்டிச் சத்தம் கேட்டு ஓடி வாரதைச் சொன்னேன். சனங்க கை நின்னுருச்சு. நான் அதைக் கவனிக்கலை, கேக்க ஆவலா நிறுத்தியிருக்காங்கன்னு நினைச்சேன். சம்பந்தி, உங்க இலையில இருக்கிறது முன்னங்கால், வாய்க்காத் தாண்டுறப்ப வலது காலைத்தான் முதல்ல வைப்பான், இடது காலை ஒரு நிமிசம் தூக்கிக்கிட்டு யோசிப்பான், நீங்க கடிக்கிறது இடதுன்னேன்.

திரவியம் அந்த எலும்பை மெல்ல இலையில வச்சாரு. பிள்ளையைத் தொட்டில்ல போடுற மாதிரி வச்சாரு. கண்ணு ரெண்டும் சிவந்து ஒழுகுது. ஆவுடை மிளகு கொஞ்சம் தூக்கலாப் போட்டிருந்தா, அதுதான் காரணம். மாப்பிள்ளையோட அத்தை இலையை மூடிட்டாங்க. ஒரு வேன் ஆளு பூரா ரசத்துக்குப் போயிட்டாங்க. எம்பது பேருக்கு நடுவுல டீச்சர் மட்டும், "குழம்பு கொஞ்சம் ஊத்துங்க"ன்னு கேட்டாங்க. ஆவுடை ஊத்துனா. டீச்சர் சாப்பிட்டாங்க.

பூவலிங்கமும் சாப்பிட்டாரு. அவரு சாப்பிட்டதை நான் பாத்துக்கிட்டே இருந்தேன் அண்ணாச்சி. அவசரம் இல்லை, பேச்சு இல்லை. குட்டியா இருக்கையில அதைத் தோள்ல தூக்கித் திரிஞ்ச மனுசன். ஒரு நார் மிச்சம் வைக்கலை. எலும்புல ஒட்டுனதைக் கூட எடுத்துத் தின்னுட்டு, இலையை மடிச்சுட்டு, எங்கிட்ட வந்து நல்லா இருந்துச்சுன்னாரு. மந்தைக்குத் தண்ணி காட்டணும்னு கிளம்பிட்டாரு.

திரவியம் அதுலருந்து கறியைத் தொடலை. வீட்டுலயும் கிடையாது, முட்டை கூடக் கிடையாது. அன்னைக்கு வேன்ல ஏறுறப்ப கோமதி என்னைத் திரும்பிக்கூடப் பாக்கலை. போன் பண்ணுனா எடுக்க மாட்டா. ஆவுடைகிட்ட மட்டும் பேசுவா. நான் என்ன தப்பாப் பேசினேன்னு ஆவுடைகிட்ட கேட்டா, ஒரு இடத்துல நிறுத்தியிருக்கலாம்ங்கா. எந்த இடம்னு சொல்ல மாட்டேங்கா.

கடை நடக்குது. இப்ப புதன், ஞாயிறு மட்டும்தான். பூவலிங்கம் தார மூணு, அது தீந்தா கடை சாத்திப்புடுவேன். பலகை இல்லை. கேக்கிறவங்களுக்கு மட்டும் சொல்லுதேன், கேட்ட அளவுக்குச் சொல்லுதேன். கூட்டம் முன்னைப்போல இல்லை, பாதிதான் வருது. வாரவங்க அரைக் கிலோ வாங்கின இடத்துல கால் கிலோ வாங்குதாங்க, ஆனா ஒழுங்கா வாராங்க. போஸ்ட்மாஸ்டர் வீட்டு அம்மா முள்ளங்கிக்கே போயிட்டாங்க. இப்பவும் கடைக்கு முன்னால நின்னு சுகமான்னு கேப்பாங்க.

நானா? நான் தை மாசத்துலருந்து கறி சாப்பிடுறதில்லை. வேண்டாம்னு இல்லை, முடியலை. பல்லு வலி. மத்தபடி எனக்கும் அதுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. அன்னைக்குப் பந்தியில கூட, பேசிப் பேசிக் களைச்சுப் போயி உக்காந்தேன், இலையில வச்சது வச்சபடி இருந்துச்சு. அலைச்சல்ல பசி செத்துப் போகும்லா.

போன வாரம் கோமதி போன் பண்ணுனா. அஞ்சு மாசத்துல முதல் தடவை. முழுகாம இருக்கா, மூணு மாசம். எதை வாயில வச்சாலும் குமட்டுதாம். ஒரே ஒண்ணு மட்டும் கேக்குதாம் வாயி, அவ அம்மா வைக்கிற கறிக்குழம்பு. அந்த வீட்டுலதான் என் புண்ணியத்துல கறிச்சட்டியே இல்லையே. மாமனார்கிட்ட சொல்லிட்டாளாம், அவரு அந்த நேரத்துக்கு மொட்டை மாடிக்குப் போயி இருந்துக்கிடுதேன்னுட்டாராம். நல்ல மனுசன். அதான் இந்தா, கால்கிட்ட தூக்குச்சட்டி. ஆவுடை விடியக்காலமே எந்திரிச்சு வச்சது.

ஒரு நிபந்தனை போட்டா. வாசல்ல நுழைஞ்சதுலருந்து திரும்பி பஸ் ஏறுற வரைக்கும் ஆட்டைப் பத்தி நான் ஒரு வார்த்தை பேசக்கூடாது. எந்த வயலு, என்ன குணம், முன்னங்கால், பின்னங்கால், எதுவும். சரின்னேன். அப்புறம், ரெண்டு பேருக்குக் கொண்டு வாங்கப்பான்னா. மாப்பிள்ளைக்கான்னேன்.

"உங்களுக்கு. அன்னைக்கு உங்க இலையை நான் பாத்தேன். என் கூட உக்காந்து நீங்களும் சாப்பிடணும்."

எனக்குப் பல்லு வலிம்மான்னேன். எந்தப் பல்லுன்னு கேட்டா. என்ன அண்ணாச்சி, நீங்களும் அதையே கேட்டா எப்படி? கீழ்வரிசை. இல்லை, மேல. அது இடம் மாறிக்கிட்டே இருக்கும்.

நேத்து டீச்சர்கிட்ட கேட்டேன், முடியலைன்னா என்ன செய்யன்னு. முடியலைன்னா வேண்டாம், மோர் ஊத்திச் சாப்பிடுங்க, அதுல கேவலம் இல்லைன்னாங்க. முடிஞ்சா, ஆரைத் திங்குதோம்னு தெரிஞ்சே முழுங்குங்கன்னாங்க. ஆருன்னு எனக்கு நல்லாத் தெரியும். போன ஐப்பசி அடைமழையில பொறந்தவன். பூவலிங்கம் தன் தலையில போட்டிருந்த சாக்கை எடுத்துப் போத்தித்தான் இவனை...

வேண்டாம் அண்ணாச்சி. திருமங்கலம் தாண்டிட்டு. மக கையால ஒரு வாய் போடச் சொல்லி, பேசாமச் சாப்பிட்டுப் பாக்கேன்.